ஒரு பள்ளிக்கு ஒரு பெயர்

ஜூன் 3, திங்கள்

என் வீட்டுக்காரருக்கு வேலை ஆர்டர் வந்துவிட்டது. கையில் அல்வாப் பொட்டலத்தோடு வந்து நின்றார்.

பைபாஸ் பக்கம் அரசாங்கம் புதிதாகக் கட்டியிருக்கும் உறைவிடப் பள்ளிக்கு அவரைக் கணித ஆசிரியராகப் போட்டிருக்கிறார்கள். மாவட்டத்து அரசுப் பள்ளிகளிலிருந்து கெட்டிக்காரப் பிள்ளைகளாகப் பொறுக்கியெடுத்து, சாப்பாடும் கட்டிலும் கொடுத்து, பிளஸ் ஒன்னும் பிளஸ் டூவும் சொல்லிக்கொடுப்பார்களாம். முழுச் செலவும் அரசாங்கத்தது.

நானும்தான் நேர்காணலுக்குப் போனேன். ஒரே பஸ்ஸில் போய், ஒரே பெஞ்சில் காத்திருந்தோம். கல்லூரியில் நான் முதல் மார்க். அவர் நடுவில் எங்கோ இருந்தார். என் நோட்டை வாங்கிப் படித்துத்தான் கரையேறினார். அதைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் வீட்டுக்கு வந்து போனதில்தான் கல்யாணமே நடந்தது.

மாதிரி வகுப்பில் நான் போர்டை நிறைத்தேன். ஒரு வரி கோணவில்லை. அவர் ஒரு கணக்கைச் சொல்லிவிட்டு, சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சும்மா நின்றாராம். பிள்ளைகள்தான் பேசினார்களாம். சும்மா நின்றதற்கு வேலை.

என்னிடம் அந்தத் தேர்வுக்குழு அம்மாள் சொன்னது: "உங்கள மாதிரி ரிசல்ட் குடுக்கிறவங்க பள்ளிக்கூடத்துலதான் இருக்கணும் மேடம்." பாராட்டுதான்.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அல்வாவில் நெய் காறல்.

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தது. பிளஸ் ஒன் கணக்கு வகுப்பு எனக்கு. போன வருஷம் பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்த பிள்ளைகள்தான். முன் பெஞ்சில் முத்தரசி. பத்தாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள். நான் போர்டில் போடுகிறபடியே வரிக்கு வரி போடுவாள். எனக்கு இந்த மாதிரி ஒரு பிள்ளை வாய்த்து வெகுகாலம் ஆயிற்று.

கடைசி பெஞ்சில் ஜெபராணி. விடை சரியாக இருக்கும், ஸ்டெப் இருக்காது. கேட்டால், "மனசுல போட்டேன் டீச்சர்" என்பாள். மனசுக்கு யார் மார்க் போடுவது?

ஜூன் 12, புதன்

ஹெச்.எம். சுடலைமுத்து சார் கூப்பிட்டு அனுப்பினார். உறைவிடப் பள்ளிக்கு ஒவ்வொரு பள்ளியும் ஒரு பெயர் கொடுக்க வேண்டுமாம். ஒன்றே ஒன்று. பள்ளி சொல்கிற பிள்ளையைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்வார்கள்.

"முத்தரசிதானே டீச்சர்? கேக்கவே வேண்டாம்" என்றார்.

கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. "சார், நம்ம ஸ்கூல்ல பிளஸ் டூ கணக்குல சென்டம் வந்து எத்தன வருஷம் ஆச்சு? இருக்கிற ஒத்தப் பிள்ளையையும் தூக்கிக் குடுத்துட்டு நாம என்ன செய்ய? ஜெபராணியப் போடுங்க. அவளுக்குத்தான் வித்தியாசமா யோசிக்க வருது."

அவர் தலையைச் சொறிந்தார். "கணக்கு உங்க பாடம். நீங்க சொன்னா சரி."

முத்தரசிக்கு அப்பா இல்லை. அம்மா பீடி சுற்றுகிறார். ஒற்றைப் பிள்ளை ஹாஸ்டலுக்குப் போய்விட்டால் அந்த அம்மா தனியாகக் கிடந்து தவித்துப் போவார். அதையும் யோசித்துத்தான் சொன்னேன். இதை ஹெச்.எம்.மிடம் சொல்ல மறந்துவிட்டது.

ஜூன் 13, வியாழன்

வகுப்பில் அறிவித்தேன். எல்லாரும் முத்தரசியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஜெபராணிக்காகக் கைதட்டினாள். நல்ல பிள்ளை.

ஜூலை 14, ஞாயிறு

உறைவிடப் பள்ளியில் பெற்றோர் நாள். "நீயும் வா, சும்மா பாத்துட்டு வரலாம்" என்று கூட்டிக்கொண்டு போனார்.

பார்க்காமலே இருந்திருக்கலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்டில், மேஜை, விளக்கு. தினம் முட்டை. நூலகத்தில் நான் கேள்விப்பட்டிராத கணக்குப் புத்தகங்கள், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். வானத்தைப் பார்க்கிற தொலைநோக்கி ஒன்று மாடியில் நிற்கிறது. எங்கள் பள்ளியில் ஸ்மார்ட் போர்டு வந்தது, வயரிங் வரவில்லை. அதன்மேல் துணி போட்டு மூடி, வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிறோம்.

வரும் வழியில் பைக்கிலேயே சண்டை.

"இத்தன பிள்ளைக்குக் கொட்டுத பணத்த எல்லா ஸ்கூலுக்கும் பிரிச்சா என்னங்க? எங்க பிள்ளைங்க என்ன பாவம் செஞ்சுது?"

"நீ சொல்லுதது நியாயம்தான்" என்றார். சண்டையில் இப்படிப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஆனா இதையும் வேண்டாம்னு சொல்ல முடியுமா? ஏட்டி, ஒனக்கு நியாயமா, பொறாமையா?"

ராத்திரி ரசத்தில் உப்பு கூடிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

சாப்பாட்டில் கை வைத்ததுமே ஆரம்பித்துவிட்டார். "தமயந்தி, நீ அனுப்புன பிள்ள இருக்காளே!"

ஒரு கணக்கு கொடுத்தாராம். எட்டுக்கு எட்டு கட்டம் போட்ட ஒரு தாள். எதிரெதிர் மூலைக் கட்டம் இரண்டை வெட்டி எடுத்தாயிற்று. இரண்டு கட்டம் நீளமுள்ள சீட்டுகளை வைத்து மிச்சத்தை முழுசாக மூட முடியுமா? முடியாது என்றால் ஏன்?

வகுப்பே சீட்டு வெட்டி அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததாம். ஜெபராணி மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. இன்று எழுந்து வந்து, கட்டங்களுக்குக் கறுப்பு வெள்ளை என்று மாற்றி மாற்றி நிறம் கொடுத்தாளாம். "ஒரு சீட்டு ஒரு கறுப்பு, ஒரு வெள்ளைய மூடும் சார். நீங்க வெட்டுன ரெண்டும் ஒரே நிறம். மிச்சத்துல கறுப்பும் வெள்ளையும் சமமா இல்ல. எப்படி அடுக்குனாலும் நிக்காது." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாளாம்.

"எப்பேர்ப்பட்ட பிள்ளைய அனுப்பிருக்க!" என்று எனக்கு இன்னொரு கரண்டி சாதம் வைத்தார், பரிசு கொடுக்கிற மாதிரி.

இவளுக்கு நான் ஸ்டெப் இல்லை என்று பாதி மார்க்கைக் குறைத்திருக்கிறேன். என் கடைசி பெஞ்சில் ஒரு வருஷம் உட்கார்ந்திருந்தாள். அவருக்கு இரண்டு மாதத்தில் கிடைத்தது எனக்கு ஏன் கிடைக்கவில்லை?

சாதத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

ஆகஸ்ட் 7, புதன்

விடை தெரிந்த பிறகும் கட்டம் போட்டுச் சீட்டு அடுக்கிப் பார்த்தேன். நிற்கவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

காலாண்டுத் தேர்வு. முத்தரசி நூறு. நானே கேள்வித்தாள் எடுத்து, நானே திருத்தி, நானே சந்தோஷப்பட்டேன்.

பிறகு என்ன தோன்றியதோ, அந்தக் கட்டக் கணக்கை அவளிடம் கொடுத்தேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எந்தப் பாடம் டீச்சர்?"

"பாடத்துல இல்ல. சும்மா போடு."

"எத்தன மார்க்கு?"

மார்க்கு இல்லை என்றேன். என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, தாளை மடித்து வைத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 21, சனி

சிறப்பு வகுப்புக்கு வந்தாள். "வரல டீச்சர்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள். வெறும் தாள். அங்கங்கே அழி ரப்பர் தேய்த்த தடம்.

எனக்கு நிம்மதியாக இருந்தது என்று எழுதினால் தப்பாகப் படும். சரியான பிள்ளையைத்தான் அனுப்பியிருக்கிறோம் என்ற நிம்மதி, வேறொன்றுமில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

சரஸ்வதி பூஜை. ஸ்மார்ட் போர்டுக்குப் பொட்டு வைத்தாயிற்று. அவர் லீவிலும் உறைவிடப் பள்ளியில். பிள்ளைகள் பூஜைக்குப் பதிலாக ஏதோ கணக்குப் போட்டி வைக்கிறார்களாம்.

நவம்பர் 9, சனி

ஆசிரியர் சங்கக் கூட்டம். உறைவிடப் பள்ளிக்கு அடுத்த வருஷமும் நிதி கொடுப்பதா என்று அரசு யோசிக்கிறதாம், சங்கத்தின் கருத்தைக் கேட்டிருக்கிறார்களாம். "யாராவது பேசுங்க" என்றார் தலைவர். எல்லாரும் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் எழுந்தேன். என்ன பேசினேன் என்று இப்போது யோசித்தாலும் மெய் சிலிர்க்கிறது. ஸ்மார்ட் போர்டுக்குப் பொட்டு வைக்கிற கதையைச் சொன்னேன். "பொறுக்கி எடுத்த பிள்ளைகளுக்கு மட்டும்தான் அறிவு இருக்கா? எங்க வகுப்புல மிச்சம் இருக்கிறதெல்லாம் உமியா? அத மூடிட்டுப் பணத்த எல்லா ஸ்கூலுக்கும் பிரிங்க" என்றேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கூட்டத்தின் முடிவாக அதையே எழுதி அனுப்பினார்கள், என் பெயரையும் போட்டு.

நான் பேசியதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

நவம்பர் 11, திங்கள்

பேப்பரில் மாவட்டப் பக்கத்தில் என் போட்டோ. அவர் படித்துவிட்டு, "நல்லாப் பேசிருக்க" என்றார். அவ்வளவுதான். சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். நான் மூடச் சொன்ன வேலைக்கு.

ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

டிசம்பர் 28, சனி

அரையாண்டு விடுமுறை. சிறப்பு வகுப்பு வைத்திருந்தேன். இடைவேளையில் வேப்பமரத்தடியில் சிரிப்புச் சத்தம். ஜெபராணி லீவுக்கு ஊருக்கு வந்தவள் பள்ளியைப் பார்க்க வந்திருக்கிறாள். எதிரில் குத்துக்காலிட்டு முத்தரசி. மண்ணில் குச்சியால் ஏதோ போட்டு, அழித்து, மறுபடி போட்டு, இரண்டும் விழுந்து விழுந்து சிரிக்கின்றன. முத்தரசி சிரித்து நான் பார்த்ததே இல்லை. என் வகுப்பில் சிரிக்க என்ன இருக்கிறது?

பக்கத்தில் போனதும் முத்தரசி எழுந்து, காலால் மண்ணைத் தேய்த்தாள்.

"என்னட்டி போட்டீங்க?"

"சார் குடுத்த கணக்கு டீச்சர்" என்றாள் ஜெபராணி. "ரெண்டு பேரும் ஒரே தெருதானே, லீவுக்கு வாரப்பல்லாம் நான் கொண்டாருவேன், இவ போடுவா. அந்தக் கட்டக் கணக்கு எனக்கு மூணு நாள் ஆச்சு. நீங்க குடுத்தத இவ ஒரே சாயங்காலத்துல போட்டுட்டா தெரியுமா?"

முத்தரசி அவள் கையைக் கிள்ளினாள். நான் பார்த்துவிட்டேன்.

ஜெபராணி போன பிறகு கேட்டேன். "வரலன்னு எங்கிட்ட சொன்னியே?"

தலை குனிந்தபடியே நின்றாள். "போட்டேன் டீச்சர். நிறம் குடுத்துத்தான் போட்டேன். அதுல ஸ்டெப் இல்ல. அதான் அழிச்சுட்டேன்."

"ஸ்டெப் இல்லாட்டி என்ன? காட்டிருக்கலாம்லா?"

"குடுக்கும்போதே உங்க மொகம் ஒரு மாதிரி இருந்துச்சு டீச்சர். போட்டுட்டா வருத்தப்படுவீங்களோன்னு."

மணி அடித்தது. வகுப்புக்குப் போய்ப் போர்டில் கணக்கு எழுதினேன். ஒரு குறியை மாற்றிப் போட்டுவிட்டேன். முத்தரசி கவனித்திருப்பாள். சொல்லவில்லை.

டிசம்பர் 29, ஞாயிறு

அழுதேன். அவர் ஊரில் இல்லாதது வசதியாகப் போயிற்று.

ஜனவரி 7, செவ்வாய்

அவர் சொன்னார்: உறைவிடப் பள்ளியில் ஒரு பையன் வீட்டு ஞாபகம் தாங்காமல் ஊருக்கே போய்விட்டானாம். ஒரு இடம் காலி. "எந்த ஸ்கூல் மொதல்ல பேர் குடுக்கோ அவங்களுக்கு. ஒங்க ஸ்கூல்ல யாராவது இருக்காங்களா?"

"பாக்கேன்" என்றேன்.

ஜனவரி 8, புதன்

முத்தரசியைத்தான் அனுப்ப வேண்டும். தெரிகிறது. ஆனால் பாதி வருஷம் தாண்டிவிட்டது, இப்போது இடம் மாறினால் பிள்ளைக்குக் குழப்பம் வராதா?

ஜனவரி 9, வியாழன்

அவள் அங்கே போனால் அவரைப் பார்த்துச் சிரிப்பாள். மரத்தடியில் சிரித்த மாதிரி. இரண்டு நாளாக என் கண் முன்னால் நிற்பது அதுதான். எழுதிவிட்டேன், போதும்.

ஜனவரி 13, திங்கள்

போகி. பொங்கல் விடுமுறை முடிந்ததும் ஹெச்.எம்.மிடம் சொல்லிவிடுவேன். லீவில் யாரும் பெயர் கொடுக்க மாட்டார்கள்.

ஜனவரி 20, திங்கள்

பள்ளி திறந்ததும் நேராக ஹெச்.எம். அறைக்குப் போனேன். "சார், முத்தரசி பேர உறைவிடப் பள்ளிக்கு அனுப்புங்க" என்றேன். மூச்சு வாங்கியது.

அவர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். "என்ன டீச்சர் நீங்க, நீங்க கேட்டதுதானே வந்துருக்கு?"

அரசாணை. உறைவிடப் பள்ளியில் இனி புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது. இப்போது இருக்கிற பிள்ளைகள் பிளஸ் டூ முடிக்கும்வரை நடக்கும், பிறகு மூடிவிடுவார்கள். புதுச் சேர்க்கைக்கு வைத்திருந்த நிதி இப்போதே மாவட்டத்து அரசுப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் சமமாகப் பகிரப்படும். ஆசிரியர்களே கேட்டுக்கொண்டதன் பேரில்.

"காலி இடம்?"

"சனிக்கிழமையோட சரி. முந்தின வாரம் வந்திருந்தா சேத்துருப்பாங்க."

ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் என்னைக் கைகுலுக்கி வாழ்த்தினார்கள். கெமிஸ்ட்ரி டீச்சர் சாக்லேட் கொடுத்தார். வாயில் போட்டுக்கொண்டேன்.

ஜனவரி 21, செவ்வாய்

முத்தரசியைத் தனியாக லேபுக்குக் கூப்பிட்டேன். ஜூனில் அவள் பெயர்தான் போக வேண்டியிருந்தது, நான்தான் வேண்டாம் என்றேன் என்று சொன்னேன். ஒரே மூச்சில் சொன்னேன், நிறுத்தினால் வராது.

"தெரியும் டீச்சர்" என்றாள்.

"யாரு சொன்னா?"

"ஹெச்செம் சார்தான். அப்பவே அம்மாட்ட சொன்னாரு. டீச்சர் ஒங்க பிள்ளைய விட மாட்டேங்காங்கன்னு. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். தெருப்பூரா சொல்லிட்டுத் திரிஞ்சா. சொந்தப் பிள்ள மாதிரில்லா வச்சிருக்காங்கன்னு."

"ஒனக்கு?"

அவள் மேஜையில் இருந்த குடுவையை நகர்த்தி வைத்தாள். "நான் அழுதேன்."

கோபம் இல்லை அதில். விடை எழுதுகிற மாதிரி சொன்னாள். பிறகு, "டீச்சர், ஒண்ணு கேக்கலாமா?" என்றாள்.

கேள் என்றேன். எதையும் கொடுக்கிற நிலைமையில் இருந்தேன்.

"ஞாயித்துக்கிழம சார் வீட்ல இருப்பாங்கல்லா? நான் வந்தா சார் எனக்குச் சொல்லித் தருவாங்களா?"

எதையும் கொடுப்பேன் என்றுதான் நினைத்திருந்தேன். இதைக் கேட்பாள் என்று நினைக்கவில்லை. "கேட்டுச் சொல்லுதேன்" என்றேன். கேட்கவே வேண்டாம், அவர் துள்ளிக் குதிப்பார் என்று எனக்குத் தெரியும்.

ஜனவரி 30, வியாழன்

பகிர்ந்து கொடுத்த நிதியில் எங்கள் பள்ளிப் பங்கு வந்துவிட்டது. ஒரு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே கலர் கலராகக் கனசதுரங்கள், ஒரு பெரிய காம்பஸ். காம்பஸில் சாக்பீஸ் நிற்கவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

வந்தாள். தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரி, புதுச் சுடிதார். வாசலில் என்னைப் பார்த்து, "குட் மார்னிங் டீச்சர்" என்றாள், வகுப்பில் சொல்கிற மாதிரியே.

ஹாலில் தரையில் உட்கார்ந்தார்கள். அவர் ஏதோ சொன்னார், பிறகு வழக்கம்போல வாயை மூடிக்கொண்டார். நான் காபி போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தேன். பிறகு முத்தரசி பேச ஆரம்பித்தாள். அது எனக்குத் தெரிந்த குரலே இல்லை. குறுக்கே விழுந்து மறுத்தாள், "இல்ல சார், இல்ல சார், இப்படிப் பாருங்க" என்றாள். என்னிடம் இதுவரை அவள் ஒரு 'இல்லை' சொன்னதில்லை. பிறகு அந்தச் சிரிப்பு.

வயிறு எரிந்தது. வேறு வார்த்தை தேட வேண்டாம். அவர் மேல் எரிந்தது, அவள் மேலும் எரிந்தது.

"தமயந்தி! இங்க வா, இந்தப் பிள்ள என்ன செஞ்சிருக்கா பாரு!"

"கைவேலையா இருக்கேன்" என்று குரல் கொடுத்தேன். காபியை முன்னமே கொடுத்தாயிற்று. அடுப்பு அணைந்திருந்தது. சமையல்மேடையைப் பிடித்துக்கொண்டு, அவள் போகும்வரை அங்கேயே நின்றேன்.

அவளை வழியனுப்பிவிட்டு உள்ளே வந்தார். தம்ளர்களைத் தொட்டியில் போட்டார். "இவ ஜெபராணிக்கும் மேல. இவள ஏன் நீ ஜூன்ல அனுப்பல?"

பொய் சொல்ல எவ்வளவோ இருந்தது. அம்மா தனியாக இருக்கிறார், ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, ஹெச்.எம். முடிவு.

"எனக்கு வேணும்னு வச்சுக்கிட்டேன்" என்றேன்.

அவர் தம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் ஆறுதலாக இருந்திருக்கும், நானும் நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பேன்.

"நானா இருந்தாலும் விட்டுருக்க மாட்டேன்" என்றார். "அடுத்த வாரமும் வாரேன்னா. நீயும் வந்து ஒக்காரு."

நல்ல மனுஷன். அந்தப் பெயரையும் அவரே வாங்கிக்கொண்டார். பார்க்கலாம் என்றேன்.